சோப்பு நுரைக்கிறதா என்று சொன்னதற்கு வரி

"இந்தப் பணத்தையும் காட்டணுமா?" என்று கேட்கும்போதே சுருளிராஜனுக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் இன்னும் வந்திருக்கவில்லை.

சின்னமனூரில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த ஆடிட்டர் வைகுண்டராஜ் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எந்தப் பணம் சார்?" என்றார்.

சுருளிராஜன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். உத்தமபாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். ஊரார் பேச்சில் சூப்பிரண்டு. அப்படிப்பட்டவர் பஸ்ஸிலும் மொட்டை மாடியிலும் உட்கார்ந்து, செல்போன் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சம்பாதிக்கிறார் என்று வெளியே தெரிவது நன்றாக இராது. எந்த சோப்பு நுரைக்கிறது, எந்த பிஸ்கட் நமத்துப்போகிறது என்று எங்கோ இருக்கும் கம்பெனிகள் கேட்கும். புதிய கேள்வி வந்தால் கிண்ணத்தில் கரண்டியைத் தட்டுவது போல் செல்போன் சத்தம் கொடுக்கும். பதில் சொன்னால் புள்ளிகள் சேரும். புள்ளிகள் பணமாகி வங்கிக்கு வரும்.

இதையெல்லாம் அவர் மென்று விழுங்கிச் சொல்லி முடிப்பதற்குள், "ஓ, செல்லுல கருத்து சொல்ற பணமா?" என்றார் ஆடிட்டர். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "உங்க பக்கத்துக்காரர் ஒருத்தரும் போன வாரம் இதையேதான் கேட்டுட்டு கோவிச்சுக்கிட்டுப் போனாரு. காட்டணும் சார். இதர வருமானம்னு போட்டுருவோம்."

"நான் எதையும் விக்கலையே."

"வருமானம் வந்துச்சா இல்லையா?"

"சோப்பு வாங்குனப்ப அதுக்கு வரி குடுத்தேன். அது நுரைக்குதா இல்லையான்னு சொன்னதுக்கும் வரியா?"

"நுரைக்குதுன்னு சொன்னாலும் உண்டு, நுரைக்கலைன்னு சொன்னாலும் உண்டு. சின்னத் தொகைதான் சார். கட்டிட்டு நிம்மதியா இருங்க."

தொகை சின்னது என்பதுதான் சுருளிராஜனை மேலும் எரிச்சலூட்டியது. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒருத்தன் அவர் கருத்தைக் கேட்டுக் காசும் கொடுத்தால், அதிலும் கை வைக்கிறார்கள். எதற்குத்தான் வரி இல்லை என்று மேசையைத் தட்டிக் கேட்டார்.

ஆடிட்டர் பொறுமையாகச் சொன்னார்: "விவசாய வருமானத்துக்கு இல்ல. கூடப் பொறந்தவங்க அன்பளிப்பாக் குடுத்தா அதுக்கும் இல்ல. சும்மா உக்காந்து கருத்து சொன்னா, உண்டு."

சுருளிராஜனுக்கு முதல் வாக்கியத்துக்கு மேல் காது கேட்கவில்லை. அனுமந்தன்பட்டியில் அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டம் இருக்கிறது. இன்னும் பாகம் பிரியாதது. அண்ணன் ஒச்சாண்டி பார்க்கிறார். வருடா வருடம் நட்டம் என்பார். அந்தத் தோட்டத்திலிருந்து சுருளிராஜன் கண்ட பலன், பொங்கலுக்கு வரும் ஒரு பை பழம்தான்.

தோட்டத்து வருமானம் என்று போட முடியாதா என்று அவர் கேட்டார். ஆடிட்டர் நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தனக்கு இதில் சம்மதமில்லை என்றும், ஆனால் தான் பார்ப்பது பேப்பரைத்தானே தவிர தோட்டத்தை அல்ல என்றும், பங்கு கொடுத்ததாக அண்ணன் கையெழுத்துப் போட்டுத் தந்தால் யோசிக்கலாம் என்றும் சொன்னார்.

அனுமந்தன்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சுருளிராஜன் யோசித்தார். ஒருவகையில் அது பொய்யே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. ஏனென்றால் செல்போனுக்குள் அவர் சூப்பிரண்டு இல்லை, திராட்சை விவசாயி.

ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொன்னார். அரசு அலுவலர் என்று போட்டார். 'நீங்கள் இந்தக் கருத்தாய்வுக்குத் தகுதி பெறவில்லை. நன்றி' என்று வந்தது. மறுநாளும் வந்தது. தகுதி இல்லை என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டார், அந்த 'நன்றி'யைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் 'திராட்சை விவசாயி, பெரிய தோட்டம், சொந்த டிராக்டர்' என்று தட்டினார். கதவு திறந்துகொண்டது. மருந்துக் கம்பெனி, குழாய்க் கம்பெனி, டிராக்டர் கம்பெனி எல்லாம் வரிசையாக வந்து அவர் அபிப்பிராயத்தைக் கேட்டன.

பதில் தெரிய வேண்டுமே. அதற்காக அண்ணனுக்குப் போன் செய்வார். சாம்பல் நோய்க்கு என்ன மருந்து அடிக்கிறீக, கொடி வெட்டுற கவாத்துக்கு எத்தனை ஆள், யாவாரி என்ன விலை சொன்னான் என்று விசாரிப்பார். அப்பா இறந்தபிறகு அவர் அண்ணனிடம் அத்தனை தடவை பேசியது இந்த மூன்று வருடத்தில்தான்.

ஒச்சாண்டியும் சும்மா இருப்பதில்லை. பதிலுக்கு அவரும் கேட்பார். நீ எந்தக் கம்பெனி இன்சூரன்ஸ் போட்டிருக்க, வருசத்துக்கு எத்தனை நாள் லீவு, கார் எடுத்தால் என்ன கார் எடுப்ப, ஆபீசுக்குப் போடுற செருப்பு என்ன விலை. "என் சம்பளத்தை நோண்டுறான்" என்று சுருளிராஜன் வீட்டில் கத்துவார்.

"நீங்க அவுக தோட்டத்த நோண்டலையா?" என்று ஒருமுறை அவர் மனைவி ஹேமாவதி கேட்டாள். அவர் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

தோட்டத்தில் ஒச்சாண்டி பந்தலடியில் கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, செல்போனைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியைக் கண்டதும் அதைச் சட்டைப்பையில் போட்டுக் கையால் மூடிக்கொண்டார். யாவாரி அனுப்பிய கணக்காக இருக்கும் என்று சுருளிராஜன் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பிலேயே பேச்சு கோணலாக ஆரம்பித்தது.

"அண்ணே, ஒரு கடுதாசி வேணும். தோட்டத்து வருமானத்துல எனக்குப் பங்கு குடுத்தேன்னு."

ஒச்சாண்டி அண்ணாந்து பார்த்தார். மேலே கொடியில் ஓர் அணில் ஓடி நின்று, மறுபடி ஓடியது.

"நான் எங்கனலே குடுத்தேன்?"

"குடுக்க வேணாம். குடுத்தேன்னு எழுதுனாப் போதும்."

நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். ஒச்சாண்டி எழுந்து நின்றுவிட்டார்.

"மருந்து என்ன வெல, யாவாரி என்ன குடுத்தான்னு மூணு வருசமாத் துருவித் துருவிக் கேட்டது எதுக்குன்னு இப்பத்தான்லே வெளங்குது. கணக்குச் சேத்துருக்க. கேசு போடப் போற."

உண்மை சுருளிராஜனின் தொண்டை வரைக்கும் வந்தது. அண்ணே, நான் செல்போனில் நீங்களாக இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? முன்பின் தெரியாத கம்பெனிகளிடம் சொல்ல முடிந்தது. எதிரில் நிற்கிற மனிதரிடம் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு, சொல்லக்கூடாததைச் சொன்னார்.

"கேசு போட்டாத்தான் என்ன? தோட்டம் நட்டம்னா, வீட்டு வாசல்ல நிக்கிற புது வண்டி எங்கருந்து வந்துச்சு? கொடியில காச்சுச்சா?"

ஒச்சாண்டியின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.  சட்டைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், பேசாமல் அந்தச் சின்னத் தொகையைக் கட்டித் தொலைத்தால் என்ன என்று ஹேமாவதி கேட்டாள். இது தொகை விசயம் இல்லை என்றார் சுருளிராஜன். பிறகு எந்த விசயம் என்று அவள் கேட்டதற்கு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். 

சுருளிராஜன் பங்காளி சின்னக்கருப்பைத் தூது அனுப்பினார். கேஸும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரே ஒரு கடுதாசி போதும் என்று பக்குவமாகச் சொல்லச் சொன்னார். சின்னக்கருப்பு பக்குவமாகத்தான் புறப்பட்டார். வழியில் டீக்கடை, அப்புறம் சலூன், அப்புறம் இன்னொரு டீக்கடை. அவர் ஒச்சாண்டி வீட்டை எட்டுவதற்குள், சூப்பிரண்டு பாகம் கேட்கிறார் என்று அனுமந்தன்பட்டி முழுக்கத் தெரிந்திருந்தது.

ஒச்சாண்டியின் பதில் சின்னக்கருப்பு வழியாகவே திரும்பி வந்தது. தாராளமாகப் பாகம் பிரித்துக்கொள்ளலாம். பந்தலுக்குக் கல்தூண் நட்ட கடன், தண்ணீர் வராத போர், சொட்டுநீர்க் குழாய், எலி கடித்த சொட்டுநீர்க் குழாய், எல்லாவற்றிலும் பாதி தம்பிக்கு.

"எலிக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?" என்று சுருளிராஜன் சின்னக்கருப்பிடம் கத்தினார்.

"பொதுத் தோட்டத்து எலியாச்சே" என்றார் சின்னக்கருப்பு.

அதற்குப் பிறகு அண்ணன் போன் செய்யவில்லை. இவரும் செய்யவில்லை. ஒரு சாயங்காலம் கிண்ணத்தில் கரண்டி தட்டியது. சென்ற மாதம் உங்கள் தோட்டத்தில் என்ன மருந்து அடித்தீர்கள் என்று ஒரு கம்பெனி கேட்டது. சுருளிராஜன் வழக்கம் போல் அண்ணனின் எண்ணை எடுத்தார். எடுத்தபடியே உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒருவன் வந்து அதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனான். கடைசியில் 'தெரியாது' என்ற கட்டத்தைத் தொட்டார்.

நன்றி என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டது.

கணக்குக் காட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் அந்தப் புது வண்டி வந்து நின்றது. ஒச்சாண்டி இறங்கினார். பின்னால் அவர் மனைவி மொக்கம்மாள் ஒரு பை பழத்தோடு இறங்கினாள். பொங்கல் இல்லாத நாளில் பழம் வருவது இதுவே முதல் முறை. சுருளிராஜன் பையை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஹேமாவதி காபி கொடுத்தாள்.  மின்விசிறி மட்டும் ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தது. ஒச்சாண்டி காபியைக் குடித்து முடித்து, காலி டம்ளரையும் கொஞ்ச நேரம் குடித்தார்.

"நீ கேட்டத எழுதித் தாரேன்" என்றார் கடைசியில். "ஆனா பதிலுக்கு நீயும் எனக்கு ஒண்ணு எழுதிக் குடுக்கணும்."

சுருளிராஜன் இதற்காகவே காத்திருந்தவர் போல் எழுந்தார்.

"தெரியும். விடுதலைப் பத்திரம்தான? தோட்டத்துல எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதணும். அதுக்குத்தான பழம்?"

"ஏலே, முழுசாக் கேளு..."

கேட்கிற நிலையில் அவர் இல்லை. சிறுவயதில் அப்பா அண்ணனுக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக்கொடுத்ததில் ஆரம்பித்தார். கல்தூண், போர், எலி என்று ஒவ்வொன்றாக இழுத்தார். அரசாங்கம் பிடுங்குவது போதாதென்று அண்ணனும் பிடுங்குகிறார் என்றார். சம்பளத்தை நோண்டியது, லீவை நோண்டியது, செருப்பு விலை வரைக்கும் கேட்டது எல்லாம் இந்த நாளுக்காகத்தான் என்றார். பிறகு குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"பணம் வேணாம்ணே. பழமும் வேணாம். ஆனா அந்தப் பந்தலுக்கடியில நிக்கிறதுக்கு எனக்கு ஒரு எடம் இல்லாமப் போச்சுன்னா, நான் எந்த ஊர்க்காரன்னு சொல்லுவேன்? சாகுறவரைக்கும் அதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

ஒச்சாண்டி வாயைத் திறந்தார். மூடினார். தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. 

அப்போது மேசைமேல் இருந்த சுருளிராஜனின் செல்போனில் கிண்ணத்தில் கரண்டி தட்டியது. அதே நொடியில் ஒச்சாண்டியின் சட்டைப்பைக்குள்ளும் கிண்ணத்தில் கரண்டி தட்டியது.

இருவர் கையும் ஒரே நேரத்தில் போய்ச் செல்போனை மூடின.

மொக்கம்மாள் புருசனின் பையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாதவள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பத்திரமெல்லாம் ஒண்ணுமில்ல கொழுந்தனாரே, சம்பளத்துல அண்ணனுக்கு அன்பளிப்பாக் குடுத்தேன்னு எழுதிக் குடுங்க போதும். செல்லுல வர்ற காசுக்கு வரி உண்டுன்னு ஆடிட்டர் சொல்லிட்டாராம், இவுக மூணு வருசமா அதுக்குள்ள சூப்பிரண்டு உத்தியோகம்ல பாத்துக்கிட்டு இருக்காக."