பின்பக்கமாகப் போன பாடகர் குழு

ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அவனுக்கு வாசிக்கத் தெரியும் என்று ஊரே நம்பிவிட்டால்தான் ஆபத்து. ஊர்காவற்றுறைப் பக்கம் கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் புது ஆசிரியராக இருந்தபோது ஊர் என்னை அப்படி நம்பியது. லத்தீன் பூசை தமிழுக்கு மாறிய காலம் அது.

பங்குச் சுவாமியார் கூப்பிட்டனுப்பினார். “மாஸ்டர், திருநாளுக்கு மேற்றிராணியார் ஆண்டகை வாறார். எங்கட சனத்தைக் கொண்டு பாடகர் குழு ஒண்டு தொடங்கும். சரிவராட்டி யாழ்ப்பாணத்திலயிருந்துதான் ஆக்களைக் கூப்பிடவேணும்.”

வெளியூர்க்காரர் வந்து எங்கள் கோயிலில் பாடுவதா! அப்படி நடந்தால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கரைவலை இழுக்கும் ஆண்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்தார்கள். பெண்கள் பாட்டை உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆண்களோ கைகட்டி நின்று முணுமுணுத்தார்கள். கடற்கரையில் அம்பாப் பாட்டுப் பாடி வலை இழுக்கும்போது இதே ஆட்களின் குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

வலைச் சொந்தக்காரர் சூசையண்ணைதான் காரணம் சொன்னார். “கை சும்மா இருந்தா எங்களுக்குப் பாட ஏலாது மாஸ்டர். ஒரு கயிறு தாங்கோ.”

கோயிலுக்குப் பின்னால் நின்ற தென்னையில் கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கொடுத்தேன். அதை இழுத்துப் பிடித்தபடி பாடினார்கள் பாருங்கள், எனக்கே புல்லரித்தது. (எல்லாம் என் திறமை என்று நினைத்துக்கொண்டேன். வயது அப்படி.)

திருநாளன்றுதான் கோயிலுக்குள் தென்னை இல்லை என்பது உறைத்தது. தூண்களில் கட்டலாம் என்றால் சோடனைக்காரர்கள் அடிக்க வந்தார்கள். ஆண்டகை வந்து இறங்கிவிட்டார். கடைசியில் கயிற்றை என் கால்மிதி ஆர்மோனியத்தில் கட்டினேன். அதை உருட்டிப்போக அடியில் சில்லுகள் இருந்ததை அந்தப் பதற்றத்தில் மறந்துபோனேன்.

முதல் பாட்டு மெதுவானது, தப்பித்தோம். இரண்டாவது பாட்டில் ஆண்களுக்கு உற்சாகம் ஏறியது. வலை இழுப்பவர்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, இழுக்க இழுக்கப் பின்பக்கமாக நடப்பார்கள். நடந்தார்கள். ஆர்மோனியமும் அவர்கள் பின்னால் புறப்பட்டது.

வாசிப்பை நிறுத்தினால் பாட்டு நின்றுவிடும். அதனால் கதிரையை விட்டு எழுந்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு மறுகாலால் நொண்டியபடி ஆண்டகைக்கு முன்னால் கோயிலைக் கடந்தேன். “விடுங்கோ, விடுங்கோ!” என்று கெஞ்சினேன். குரலை இன்னும் விடச் சொல்கிறேன் என்று எண்ணி அவர்கள் மேலும் உரக்கப் பாடினார்கள். பெண்கள் வரிசையில் சூசையண்ணையின் தங்கை மேரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆண்கள் பக்கவாட்டு வாசலால் வெளியே போய்ச் சேர, ஆர்மோனியம் வாசற்படியில் மோதி நிற்க, பாட்டும் சரியாக முடிந்தது.

சூசையண்ணை வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார். “உங்கட பாரம் காணாது மாஸ்டர். தென்னையெண்டா அசையாது.”

பூசை முடிந்ததும் ஆண்டகை அழைப்பதாகச் சொன்னார்கள். வேலை போயிற்று, குழுவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே போனேன்.

“நீரோ பாட்டு மாஸ்டர்?”

“ஓம் ஆண்டகை.”

“நல்லாப் பாடுகினம். அடுத்தமுறை உள்ளுக்குள்ளயே நிண்டு பாடச் சொல்லும்.”

சுவாமியார் அதற்குப் பிறகு யாழ்ப்பாணப் பேச்சை எடுக்கவேயில்லை. குழு வளர்ந்தது. அக்கம்பக்கத்துக் கோயில்களும் திருநாளுக்கு எங்களை வள்ளம் அனுப்பிக் கூப்பிட்டன. அடுத்த வருடம் எனக்கும் மேரிக்கும் கலியாணம்.

இன்றைக்கும் பிள்ளைகள், “அம்மா, அப்பாவை எப்பிடிப் பிடிச்சனீங்கள்?” என்று வேண்டுமென்றே கேட்பார்கள்.

மேரி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பாள். “நான் எங்க பிடிச்சனான்? அண்ணைதான் இழுத்துக் கரைசேர்த்தவர். அண்டைக்கு வலையில வேற ஒண்டும் படேல்லை.”