ஜில்லுவின் ஈறும் இயற்கை அண்ணாச்சியும்

கோவில்பட்டியில் இயற்கை அண்ணாச்சி வைத்தியம் பார்த்த ஆடு, மாடு, கோழி எதுவும் நோயில் செத்ததாக வரலாறு கிடையாது. அவர் மருந்துக் கிண்ணத்தோடு வருவதைக் கண்டு எழுந்து ஓடியே எல்லாம் உடம்பு தேறிவிட்டன.

எங்கள் பழைய தெருவில் அவர் எதிர்வீட்டுக்காரர். வீட்டின் முன்னறையில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்றார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. எதற்கெடுத்தாலும் “இயற்கையாப் பாத்துக்கிடலாம்” என்பார், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வயிறு ஊதிய கிடா ஒன்றுக்கு ஓமமும் பெருங்காயமும் கரைத்துப் புகட்டினார். அது விட்ட ஏப்பத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்ததை நாகலாபுரம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் அவரிடம் ஒரு நேர்மை உண்டு. எந்த மருந்தையும் முதலில் தனக்குத்தான் போட்டுப் பார்ப்பார். “வாயில்லாச் சீவன் எரியுதுன்னு சொல்லுமா? நமக்கு வாய் இருக்குல்லா” என்பார். கன்றுக்குட்டிக்கு அரைத்த குப்பைமேனிச் சாற்றை ஒருமுறை அப்படித்தான் குடித்தார். கன்று தெருவில் துள்ளிக்கொண்டிருக்க, மறுநாள் அவர் கடை திறக்கவில்லை.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எங்கள் பூனை ஜில்லு சாப்பாட்டை நிறுத்தியது. கிண்ணத்தருகே ஆசையாக ஓடும், ஒரு வாய் கவ்வும், சுட்டதுபோல் உதறிவிட்டு நகரும். கடைவாயில் எச்சில் ஒழுகியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தது.

பயம் வந்தால் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை நான். பூனை சாப்பிடவில்லை. அதனால் மகள் சாப்பிடவில்லை. சாப்பிடாதவள் எப்படிப் படிப்பாள்? படிக்காதவள் எப்படித் தேறுவாள்? காப்பி ஆறுவதற்குள் அவளுடைய மொத்த வாழ்க்கையும் என் மனதில் இடிந்து விழுந்துவிட்டது. மாட்டாஸ்பத்திரிக்குப் போன் செய்தால், டாக்டர் முகாமுக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்றார்கள்.

வாசலுக்கு ஓடிவந்து கத்தினேன்.

“அண்ணாச்சி! ஜில்லுவுக்கு ஈறு வலி!”

“இதுக்கா இந்தச் சத்தம்? நம்ம வீட்லயே கெடக்கு தாயி. இந்தா, எடுத்துட்டு வாரேன்.”

வந்தவர் கையில் ஈருவலி இருந்தது. தலைமுடியில் ஒட்டியிருக்கும் ஈரை இழுத்தெடுக்கும் மரச்சாமானுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பல்லைப் பிடித்திருக்கும் ஈறும் பேனிடும் ஈரும் எழுத்தில்தான் வேறு, எங்கள் ஊர் வாயில் இரண்டும் ஒன்றே. நான் நோயைச் சொன்னேன், அவர் சாமானைக் கொண்டுவந்துவிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜில்லுவை மடியில் போட்டு வார ஆரம்பித்தார். முதுகுவரை அதுவும் சுகமாகக் கண்ணை மூடிக் கிடந்தது. தாடையோரம் மரம் பட்டதும் அலறிய அலறலில் தெருவே வெளியே வந்தது.

“ஒரு ஈரு கூடக் காணலையே! எவ சொன்னா இருக்குன்னு?”

“பேன் ஈரு இல்ல அண்ணாச்சி, பல்லு ஈறு!”

“அத மொதல்லயே சொல்லணும்லா!”

கீறல் விழுந்த கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். வேப்பங்குச்சியை நசுக்கி நீட்டினார். ஜில்லு அதை மோந்து பார்த்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு கல்லுப்புக் கரைசல்.

“கொப்பளிச்சாப் போதும், புண்ணு ஆறிரும்.”

“கொப்பளிச்சுத் துப்புன்னு நீங்களே அதுக்குச் சொல்லிக் குடுங்க மாமா” என்றாள் மகள், அழுகைக்கு நடுவிலும்.

கடைசியாகக் கிராம்பு எண்ணெய்ப் புட்டி வந்தது. வழக்கப்படி தன் ஈறு முழுக்க முதலில் பூசிக்கொண்டார். கண் பிதுங்கியது. உதடு தடித்தது. பூனையைப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். “கொஷ்ஷம் பொழு” என்றார். எரிச்சல் அடங்கட்டும் என்று பொறுத்தோம். அது அடங்கவே இல்லை. அதற்குள் டாக்டர் வந்துவிட்டதாகப் போன் வந்தது.

பூனை, புட்டி, அண்ணாச்சி மூன்றையும் கூட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். மேசையில் நான் வைத்த புட்டியைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது.

“இத பூனைக்குப் போட்டீங்களா? சொல்லுங்கம்மா, போட்டீங்களா?”

டாக்டர் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். “கிராம்பு எண்ணெய் பூனைக்கு விஷம். நக்கி முழுங்கினா ஈரல் தாங்காது.”

அண்ணாச்சி முன்னால் வந்து, வீங்கிய உதட்டைத் தூக்கிக் காட்டினார். “எனக்குத்தான்... போட்டேன்.” டாக்டர் முதலில் அவருடைய வாயைத்தான் பார்க்க வேண்டியதாயிற்று.

ஜில்லுவுக்குக் கடைவாய்ப் பற்கள் அடியோடு கெட்டிருந்தன. “இவ்வளவு முத்தினதுக்கு வீட்டு மருந்து கெடையாதும்மா. பல்ல எடுக்கணும். புண் ஆறின பொறவு தெனமும் மெல்லிசான ஈரத்துணியால ஈறத் தொடச்சு விடுங்க. அதுதான் நீங்க செய்யக்கூடியது” என்று திருநெல்வேலி பெரிய மாட்டாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ரயிலில் அண்ணாச்சியும் வந்தார். ஜில்லு இருந்த கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மணியாச்சி தாண்டியதும் என் பக்கம் குனிந்து, “அந்தப் புட்டிய ஒடச்சிட்டேன் தாயி” என்றார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பல் எடுத்துக்கொண்டு வந்த ஜில்லு அதற்கு மறுநாளும் கிண்ணத்தைத் தொடவில்லை. பூனை பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து, சாயங்காலத்துக்குள் சாப்பிடாவிட்டால் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மகள் தரையில் அதன் பக்கத்திலேயே கிடந்தாள். நான் கடிகாரத்தையும் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் அண்ணாச்சி ஒரு கிண்ணத்தை மூடிக் கொண்டுவந்தார். மீன் வாடை அடித்தது. அவர் சுத்த சைவம், மீன்காரர் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறவர். அவித்த மீனில் முள் ஒன்று விடாமல் தன் கையால் ஆய்ந்து, கூழாகப் பிசைந்திருந்தார். குத்தவைத்து, விரல் நுனியில் துளி எடுத்து நீட்டினார்.

“ஏட்டி ஜில்லு, இது மருந்தில்லட்டி. மீனுதான். தின்னு.”

ஜில்லு மோந்தது. நக்கியது. பிறகு கிண்ணத்துக்குள் தலையை விட்டது. அது தின்னத் தின்ன, மகள் எழுந்து உட்கார்ந்து, “அம்மா, பசிக்குது” என்றாள்.

அண்ணாச்சி சுவர்ப்பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மீன் வாடை தாயி. கண்ணக் கரிக்குது.”

“ஆமா அண்ணாச்சி,” என்றேன். “எனக்கும் கரிக்குது.”