ஒரு சுழி வித்தியாசம்

போரில் உயிர்நீத்தவர்களின் பெயர்களைத் துறைமுக வாசலில் ஒரு சுவர் எழுப்பிப் பொறிப்பது என்று மாட்சிமை தங்கிய நினைவுச்சின்னக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. சுவரின் தலையில் 'போரில் வீழ்ந்தவர்கள்' என்று பெரிய எழுத்தில் வெட்டினார்கள். ஊரே உருகிப் போய்விட்டது. உருகினால் மட்டும் போதுமா, வெளியே தெரிய வேண்டாமா? அதனால் சட்டையில் நீல நாடா குத்திக்கொள்ளும் வழக்கம் வந்தது. நாடா குத்தாதவன் கல்நெஞ்சக்காரன். இரண்டு நாடா குத்தியவனுக்குக் கூட்டங்களில் முன்வரிசை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கப்பல் சமையல்காரரின் மனைவி குழுவின் செயலாளரைப் பார்க்க வந்தாள். அவள் கணவர் போன சரக்குக் கப்பலை எதிரியின் நீர்மூழ்கி அடித்துவிட்டது. நீர்மூழ்கி என்று பேர் வைத்துக்கொண்ட அது பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது. நமக்குக் கோதுமை ஏற்றி வந்த கப்பல்தான் நிஜமாகவே மூழ்கியது. அவர் உடல் கிடைக்கவில்லை.

"சுவத்துல அவர் பேரும் வரணும் சார்," என்றாள். "எங்க மாமியார் நம்பவே மாட்டேங்கிறாங்க. மகன் வருவான்னு வாசக் கதவைத் தாழ்ப்பாள் போட விடறதில்ல. பேரைக் கையால தொட்டுப் பார்த்தாத்தான் அழுவாங்க. அழுதாத்தான் தூங்குவாங்க."

செயலாளர் நெஞ்சிலிருந்த நாடாவைச் சரிசெய்துகொண்டார். "ரொம்ப வருத்தம்மா. எப்படிப் போனார்?"

"மூழ்கிட்டார் சார்."

"அடடா, காரியத்தைக் கெடுத்துட்டாரே! இந்தச் சுவர் வீழ்ந்தவங்களுக்குல்ல?"

"விழுந்துதான் சார் மூழ்கினார். மேல்தட்டுலேருந்து விழுந்ததைத் தப்பிச்சு வந்தவர் பார்த்திருக்கார்."

"அது விழுந்தது. குறில். சுவத்துல இருக்கிறது வீழ்ந்தது. நெடில். எதிரியோட மோதினாத்தான் நெடில் கிடைக்கும். அவர் கையில ஆயுதம் ஏதாவது?"

"கரண்டி இருந்திருக்கும்."

"எதிரிக்கு நேரா நீட்டினாரா?"

"பானைக்கு நேரா நீட்டியிருப்பார். சாப்பாட்டு நேரம் சார்."

செயலாளர் கையை விரித்தார்.

"'வி'க்கும் 'வீ'க்கும் ஒரு சுழிதானே சார் வித்தியாசம்?"

"ஒரு சுழின்னு லேசா சொல்லிட்டீங்களே!"

"லேசா சொல்லலீங்க. அவரை உள்ள இழுத்ததும் ஒரு சுழிதான்."

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் உடனே ஒரு துணைக்குழு அமைப்பது அவர் வழக்கம்.

துணைக்குழு தீர ஆலோசித்து, மூழ்கியவர்களுக்குத் தனியாக ஒரு கல் என்று பரிந்துரைத்தது. எங்கே வைப்பது? வீழ்ந்தவர்கள் நிலத்தில் வீழ்ந்தார்கள், அவர்களுக்கு நிலத்தில் சுவர். மூழ்கியவர்கள் கடலில் மூழ்கினார்கள், அவர்கள் கல்லும் கடலில் மூழ்குவதே முறை. இதில் யாராலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. "அப்போ வீழ்ந்தவங்க சுவரையும் தள்ளி வீழ்த்திடலாமா?" என்று கேட்ட ஓர் உறுப்பினர் மட்டும் உடல்நிலை காரணமாக விடுவிக்கப்பட்டார். அவர் உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

"கடல்ல போட்டா யார் சார் படிப்பாங்க?" என்று கேட்டாள் அவள்.

"சம்பந்தப்பட்டவங்க எல்லாரும் அங்கேதானேம்மா இருக்காங்க."

விழா நாளில் துறைமுகம் நிரம்பி வழிந்தது. ஆனால் எங்களில் ஒருவர் நெஞ்சிலும் நாடா இல்லை. வெள்ளி நங்கூரம் பதித்த புது நாடா வெளிநாட்டிலிருந்து வருகிறது என்று கேள்விப்பட்டு, பழையதைக் குப்பையில் போட்டுவிட்டு வந்திருந்தோம். பாரந்தூக்கியில் கல் தொங்கியது. மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு மாமியார் அதன் அருகே போனாள்.

"தொடாதீங்கம்மா, பெயிண்ட் காயலை!" என்று செயலாளர் கத்தினார்.

அவள் தொட்டுவிட்டாள். மகன் பெயரிலிருந்து ஒரு சுழி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பேண்டு வாத்தியம் முழங்கக் கல் இறங்கி, தண்ணீருக்குள் போய் மறைந்தது. நாங்கள் கைதட்டினோம். அவள் விரலைப் பார்த்தாள். பிறகு, இத்தனை நாள் வராத அழுகை பீறிட்டு வந்தது.

அப்போது செயலாளர் ஒலிபெருக்கி முன் வந்தார். குரல் தழுதழுத்தது. "ஒரு துயரச் செய்தி. நமது நாடாக்களை ஏற்றி வந்த கப்பல் எதிரியால் மூழ்கடிக்கப்பட்டுவிட்டது."

"ஐயோ! அத்தனை நாடாவுமா?" என்று கூட்டமே பதறியது. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு நிமிட மௌனம் அறிவிக்கப்பட்டது. மௌனம் கலையக் கூடாது என்று மாமியாரை அழாமல் இருக்கச் சொன்னார்கள்.

அந்த மௌனத்தில் மருமகள் கேட்டாள். "அந்தக் கப்பல்ல சமையல் யாருங்க?"

செயலாளர் உதட்டில் விரலை வைத்தார். "இப்போ கேட்டா எப்படிம்மா? அடுத்த கல்லுல வரும், பார்த்துத் தெரிஞ்சுக்குங்க."

அதற்குள் ஒரு நிமிடம் முடிந்துவிட்டது. பழைய நாடாவைக் குப்பைக்காரன் கொண்டுபோவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு ஓடினோம்.