சர்வேயர் அளந்த வார்

சர்வேயருக்குப் பொறுமை போனது ஒரு துணிக்கடை வாசலில். உள்ளே மனைவி துணி போட்டுப் பார்க்கப் போயிருந்தாள். வெளியே இவர், அவளுடைய சிவப்புக் கைப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர் போல நின்றிருந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய மேலதிகாரி அந்தப் பக்கம் வந்தார். பையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். "கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றே சர்வேயர் சபதம் எடுத்தார். இனி இந்தக் கை மனைவியின் பையைத் தொடாது.

மறுநாள் மனைவிக்குக் குறுக்கே மாட்டும் தோல்பை ஒன்றை வாங்கி வந்தார். ஒரு தோளில் ஏறி மறுபக்க இடுப்பில் இறங்கும் ரகம். மாட்டிக்கொண்டால் கழற்றவே வேண்டாம். கழற்றாத பையை யாரிடம் நீட்ட முடியும்?

"என்ன திடீர்னு?" என்றாள் மனைவி.

"தோள் வலிக்குதுன்னு சொன்னியே."

"அது போன வருஷம்."

"இப்பத்தான் மண்டையில ஏறுச்சு."

அவள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே பையை மாட்டினாள். வார் ரொம்ப நீளம். பை முழங்காலில் வந்து இடித்தது.

சர்வேயர் டேப்பை எடுத்து வந்தார். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவருக்கு வீட்டில் எதையும் அளக்க வாய்ப்புக் கிடைத்ததில்லை. வீட்டில் அவர் அளப்பது கதை மட்டும்தான் என்பது மனைவியின் கட்சி.

"பையோட மேல்விளிம்பு இடுப்பெலும்புக்கு நேரா நிக்கணும். கீழ போனா நடக்கும்போது ஆடும். மேல போனா கை உள்ள நுழையாது."

"காலிப் பையை வெச்சு அளந்தா எப்படி? சாமான் போட்டா இறங்குமே."

நியாயமான கேள்வி. சர்வேயர் பூரித்துப் போனார். அவள் பழைய பையில் இருந்ததையெல்லாம் புதியதில் கொட்டினாள்.

"குனிஞ்சு பாத்தா பை நகருது, எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க போட்டுக் காட்டுங்க, நான் பாக்குறேன். அளவு தெரிஞ்சவர் நீங்கதானே."

அந்தக் கடைசி வாக்கியம் அவரைக் கவிழ்த்துவிட்டது. மாட்டிக்கொண்டார். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடந்தார்.

"இன்னும் ரெண்டு விரல் மேல."

"இப்போ?"

"நடங்க. ம், ஆடல. உக்காருங்க. ஜிப்பைத் திறங்க. கை நல்லா நுழையுது. குனிங்க. அழகா இருக்கு."

அழகு என்ற சொல்லைக் கேட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்காமலே இன்னொரு சுற்று நடந்தார். அவள் வாரில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

சாயங்காலம் பை ரிப்பேர் கடைக்காரரிடம் போனார்கள்.

"மடிச்சுத் தைக்கவா, வெட்டிடவா? மடிச்சா பின்னாடி பிரிச்சுக்கலாம்."

"வெட்டுங்க" என்றார் சர்வேயர். "எல்லைக்கல் நட்டா நட்டதுதான். பிடுங்கக் கூடாது."

கடைக்காரர் வெட்டினார். பக்கிளை ஆணியடித்து இறுக்கினார். மனைவி மாட்டிப் பார்த்தாள். பை பாதித் தொடையில் ஊஞ்சலாடியது.

"கோடு தப்பாயிடுச்சா?" சர்வேயரின் குரல் இறங்கிவிட்டது.

"கோடு சரிதான். உங்க மேல வெச்சுப் போட்ட கோடு. என்னைவிட அரை அடி உயரம் நீங்க. தொப்பைக்கு நாலு விரல் வேற. மறுபடி வெட்டவும் முடியாது, எல்லைக்கல் நட்டா நட்டதுதான்."

யாருடைய நிலம் என்று பார்க்காமலே அளந்து தொலைத்திருந்தார். வார் அவருடைய காலை வாரிவிட்டது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நேத்து துணிக்கடை வாசல்ல நீங்க கூனிக் குறுகி நின்னதை உள்ளேயிருந்து பாத்தேன். பாவமா இருந்துச்சு. கையில பிடிச்சாத்தானே கூச்சம்? மாட்டிக்கிட்டா உங்க பைன்னு நினைச்சுப்பாங்க." சொல்லிக்கொண்டே பையை அவர் தோளில் மாட்டி, வாருக்கடியில் மடங்கிய காலரை எடுத்துவிட்டாள். பை இடுப்பெலும்பில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"உன் சாமானை நான் ஏன் சுமக்கணும்?" என்று கடைசியாக ஒரு முறை முறுக்கிப் பார்த்தார்.

அவள் ஜிப்பைத் திறந்தாள். அவருடைய மாற்றுக் கண்ணாடி. அவருடைய பிரஷர் மாத்திரை. அவருடைய தண்ணீர் பாட்டில். தொப்பி. மடித்த கைக்குட்டை இரண்டு. நாலு மணிக்கு அவர் தேடும் பிஸ்கட்.

"இதுல என்னோடது இந்தச் சீப்பு ஒண்ணுதான். அதை நானே தூக்கிக்கிறேன்" என்று சீப்பை எடுத்துக்கொண்டு, கையை வீசி முன்னால் நடந்தாள்.