மெலிசாவின் பன்னிரண்டு மணித்தியாலம்

இக்னேசியஸ் கவுண்டரில் குத்திய குத்தில் பேனைக் குவளை விழுந்து, பாடசாலை அலுவலகத் தரையெல்லாம் பேனைகள் ஓடின. அவர் குனிந்து பொறுக்கவில்லை. நியாயம் கேட்க வந்த மனுஷன் பேனை பொறுக்குவதா?

ஒன்ராறியோவில் ஹைஸ்கூல் முடிக்கிற பிள்ளை நாற்பது மணித்தியாலம் சம்பளமில்லாமல் ஊருக்கு உழைத்திருக்க வேண்டும். அவருடைய மகள் மெலிசா பாடசாலை நாடகத்துக்குத் திரை இழுத்து இருபத்தெட்டு சேர்த்திருந்தாள். மிச்சம் பன்னிரண்டையும் போன கோடையில் ஊர் மக்கள் ஒன்றியத்தின் பிக்னிக்கில் முடித்தாள். இரண்டு நாள் வெயிலில் நின்று ஜூஸ் ஊற்றினாள், சாக்கோட்டம் நடத்தினாள், மற்றவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையையும் அள்ளினாள். அந்தப் பன்னிரண்டையும் பாடசாலை ஒரே கோட்டில் வெட்டிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது நிறையாவிட்டால் டிப்ளோமா இல்லை. டிப்ளோமா இல்லாவிட்டால் ஒஷாவாவில் நேர்ஸிங் படிக்கக் கிடைத்த இடமும் போய்விடும்.

வெட்டியதற்குக் காரணம் படிவத்தில் இருந்த கையெழுத்து. பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒன்றியத் தலைவர் கையெழுத்து வைத்திருந்தார். ஒன்றியத் தலைவர் இக்னேசியஸ். தகப்பன் கையெழுத்து செல்லாதாம்.

உப அதிபர் மிஸஸ் டொனெலி அவரை அறைக்குள் அழைத்து இருத்தி, மொழிபெயர்க்க யாராவது உதவிக்கு வேண்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. இருபத்துமூன்று வருடமாகப் பாண் சுடும் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிறவர் இக்னேசியஸ். கனடாவில் வந்திறங்கிய நாளிலிருந்து ஒருவரிடமும் உதவி வாங்கியதில்லை என்பது அவருடைய ஒவ்வொரு பிக்னிக் பேச்சிலும் வருகிற வசனம்.

"நோ ஹெல்ப்" என்றார்.

ஐந்து நிமிடம் நல்ல இங்கிலீஷில்தான் பேசினார். ஆனால் அவருக்கு ஒரு குறை. கோபம் ஏற ஏற இங்கிலீஷ் இறங்கிவிடும். வாயிலிருந்து மட்டுமல்ல, காதிலிருந்தும் போய்விடும். ஆறாவது நிமிடம் முழுத் தமிழ். உப அதிபர் வேறு வழியில்லாமல், வகுப்பில்லாத ஸ்பெயார் பீரியட்டில் இருந்த மெலிசாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"அப்பா, ப்ளீஸ். எல்லாரும் பார்க்கினம். சோ எம்பாரசிங்."

"பார்க்கட்டும். நான் சொல்லுறதை மட்டும் அவவுக்குச் சொல்லு."

அவள் சொன்னாள். வேறு ஒருவர் கையெழுத்து வைத்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. திரும்பும்போது அலுவலக உதவியாளர் மரியோ வருகைப் புத்தகத்தை நீட்டினார். மரியோ பிலிப்பைன்ஸ்காரர். தமிழ்ப் பிள்ளைகளிடம் பழகி எல்லாத் தகப்பன்மாரையும் அங்கிள் என்பார். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுதினால்தான் ஆளை வெளியே விடுவார். இக்னேசியஸ் தாள் கிழியும்படி எழுதினார்.

வேறு ஒருவர் என்றால் பிக்னிக் நேரம் ஒன்றியச் செயலாளராக இருந்த அல்பேட்தான். அங்கேதான் சிக்கல். பிக்னிக் முடிந்து மூன்றாம் கிழமையே ஒன்றியம் இரண்டாக உடைந்துவிட்டது. ரொறன்ரோவில் ஒரு சங்கம் உடையாமல் மூன்று வருடம் இருந்தால் அது சங்கமே இல்லை. அல்பேட் இப்போது மற்ற ஒன்றியத்தின் தலைவர். இக்னேசியஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, பிள்ளையின்ர படிப்பு விஷயம்."

"மெலிசாவுக்கு இல்லாததோ? கடிதமே எழுதித் தாறன்."

எழுதித்தான் தந்தார். தங்கள் ஒன்றியமே அசல் ஒன்றியம், அதன் பிக்னிக் செப்டெம்பரில் நடந்தது, ஓகஸ்டில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்வுக்கும் தங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆயினும் மெலிசா மிகவும் நல்ல பிள்ளை என்று. கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் இக்னேசியஸ் அவசரத்தில் கடைசி வரியை மட்டும் வாசித்துவிட்டு இரண்டாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரண்டு தலைவர்கள், இரண்டு பிக்னிக். உப அதிபர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். இனி அந்த இருபத்தெட்டையும் சரிபார்க்க வேண்டும் என்றார். இக்னேசியஸுக்குத் தலைக்குள் வெடித்தது. அல்பேட்டின் பரம்பரையைப் பற்றி அவர் ஒரு மணித்தியாலம் பேசியதை மெலிசா, தன் தகப்பனுக்குக் கடிதத்தில் உடன்பாடில்லை என்று சுருக்கினாள். அவர் வெளியே வந்து வருகைப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, உப அதிபர் மெலிசாவை உள்ளே மறித்து ஏதோ சொன்னார். பிள்ளையை வெருட்டுகிறாள் என்று இவருக்கு இன்னும் கொதித்தது.

அவர் காரில் ஏறப் போகும்போது மெலிசா கேட்டாள்:

"நாளைக்கும் வருவீங்களோ அப்பா?"

"வராமல்? விடுவன் எண்டு நினைச்சியோ?"

"குட். ஏர்லியா வாங்கோ."

பிள்ளைக்கு இப்போதுதான் ரோசம் வந்திருக்கிறது என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் பிக்னிக் வீடியோவைக் கொண்டுவந்தார். ஒன்றே முக்கால் மணித்தியால வீடியோவில் முக்கால்வாசியும் அவருடைய தலைமையுரை. மெலிசா ஒரே ஒரு இடத்தில் வந்தாள். மரத்தின் கீழ் கதிரை போட்டு இருந்து கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உப அதிபர் அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான்காம் நாள் நாடக ஆசிரியர் வந்து, தன் வரவுப் பதிவைக் காட்டி இருபத்தெட்டைக் காப்பாற்றினார். அவருக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். சொன்னால் அது இக்னேசியஸ் இல்லையே. திரைக்குப் பின்னால் நிற்கவோ நான் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டனான், மேடையில் முன்னுக்கு விட்டால் என்ன குறை என்று அவரோடும் கொழுவினார். ஐந்தாம் நாள் கல்விச் சபைக்கு எழுதப்போவதாக வெருட்டி, என்ன எழுதுவது என்று அங்கேயே இருந்து மெலிசாவுக்குச் சொல்லிச் சொல்லி எழுதுவித்தார். பின்னேர ஷிஃப்டுக்கு இரண்டு தரம் பிந்திப் போய் மனேஜரிடம் ஏச்சும் வாங்கினார். பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கத்தியதில் அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. எழும்பினார்.

மெலிசா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். "அப்பா, இருங்கோ. அல்பேட் அங்கிளின்ர ஒன்றியம்தான் உண்மையான ஒன்றியமாம். மிஸ் சொல்லுறா."

மிஸ் என்ற உப அதிபரோ அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அதையெல்லாம் இக்னேசியஸ் கவனிக்கவில்லை. திரும்ப இருந்தார். ஒன்றியத்தின் முதல் கூட்டம் எந்த பேஸ்மென்ரில் நடந்தது, ஆர் ஆர் வந்தது, அல்பேட் அப்போது எந்த மூலையில் நித்திரை கொண்டது என்று தொடங்கி நாற்பது நிமிடம் சொன்னார். மெலிசா அவசரமே இல்லாமல் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தாள். இந்த முறை எதையும் சுருக்கவில்லை. உப அதிபர் ஒரு தாளில் எதையோ எழுதி மரியோவிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பொறுமையாகத் தலையாட்டினார்.

வெளியே வந்தபோது இக்னேசியஸுக்குக் கோபம் எல்லாம் வடிந்துபோயிருந்தது. அது வடிந்த இடத்தில் வெட்கம் வந்து நின்றது. பிக்னிக் முடிந்த அன்றைக்கு அல்பேட்டைக் கையெழுத்து வைக்க விட்டிருந்தால் இதெல்லாம் இல்லை. தலைவர் நான் இருக்கிறேன் என்று பேனையைப் பறித்தவர் அவர்தான்.

"என்ர கையெழுத்தாலைதானே பிள்ளை உனக்கு இந்த நிலைமை" என்றார். "இனிச் செத்தாலும் உன்ர பேப்பர் ஒண்டிலையும் நான் கை வைக்கமாட்டன்."

மெலிசா தகப்பனின் கையைப் பிடித்துக் கவுண்டருக்குக் கூட்டிப்போனாள். மரியோ வருகைப் புத்தகத்தைத் திறந்து, ஆறு பக்கத்திலும் விரல் வைத்து நேரங்களைக் கூட்டி முடித்தார். பிறகு ஒரு புதுப் படிவத்தை எடுத்து இக்னேசியஸின் முன்னால் வைத்து, பேனையையும் நீட்டி இங்கிலீஷில் சொன்னார்:

"மொழிபெயர்ப்பு, ஆறு நாள், பன்னிரண்டு மணித்தியாலம், பொறுப்பாளர் என்ற இடத்தில் உப அதிபரே போட்டுவிட்டார், 'உதவி பெற்றவர்' என்ற இடத்தில் மட்டும் நீங்கள் ஒரு கையெழுத்து வையுங்கள், அங்கிள்."