பானிங் பழகப் போய்ப் பாண் வாங்கினது

புளியந்தீவு,
மட்டக்களப்பு.

அன்பு மகள் மதுஷாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சும் கேட்பதில்லை. நீயும் மருமகனும் மெல்பேர்ன் குளிரில் காதை மூடிக்கொண்டு திரிகிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். உன்னோடு பேசுவதென்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுகிறாள். இந்த விஷயம் ஸ்பீக்கருக்கு உரியதல்ல. அதனால் அங்கே திரும்பிப் போகும் உன் சிநேகிதி றொசானியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் உன் தம்பி பிறின்ஸைப் பற்றியது. அவனுடைய கார் ரேஸ் பைத்தியத்தை நீதான் நிறுத்த வேண்டும். நீ சொன்னால் கேட்பான். நான் எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை முதலில் இருந்து சொல்கிறேன், பொறுமையாக வாசி.

நான் அலைந்து திரிந்து பிடித்துக் கொடுத்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு அவன் கல்லடியில் கராஜ் திறந்தான் அல்லவா, அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் பேச்சு அம்மா வழியாகத்தான். எனக்கு முன்னால் இருந்துகொண்டே, அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்க அம்மா என்பான். நானும், அவனிடம் உப்பைத் தரச் சொல்லு என்பேன். அப்படிப்பட்டவன் போன மாதம் தானாக வந்து, என் முகத்தைப் பார்த்து, "அப்பா, நான் ரேஸ் ஓடக்குள்ள கார ஒரு படம் எடுத்துத் தருவீங்களா?" என்று கேட்டான். மகள், சரி என்று சொல்லி முடிக்க முதலே அலுமாரியில் கிடந்த கமராவை எடுத்துத் தூசு தட்டினேன்.

முந்திய ரேஸில் அவனுடைய கூட்டாளி எடுத்த படம்தான் இதற்கெல்லாம் காரணம். கார் பேய் வேகத்தில் போயிருக்கிறது, படத்திலோ சில்லில் உள்ள கம்பிகளைக்கூட எண்ணலாம், கராஜ் வாசலில் நிறுத்தி வைத்த மாதிரி நிற்கிறது. அதை ஃபேஸ்புக்கில் போட்டதும் ஒருவர் என்ன விலை என்று கேட்டார், இன்னொருவர் லீசிங்கில் எடுக்கலாமா என்று கேட்டார். பிள்ளைக்கு மனம் விட்டுப்போயிற்று.

அதற்கு நீ சொன்ன வைத்தியம்தான் பானிங். கமராவின் வேகத்தைக் குறை, காலை ஊன்று, இடுப்பைத் திருப்பிக் காரோடு காராகக் கமராவையும் கொண்டுபோ, அப்போது கார் தெளிவாக விழும், பின்னால் உள்ள மரமும் வேலியும் கோடு கோடாக இழுபடும், பொத்தானை அமத்தின பிறகும் கையை நிறுத்தாமல் கூடவே போ என்றெல்லாம் போனில் குரல் பதிந்து அனுப்பியிருந்தாய். நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் காலமெல்லாம் வாய்க்கால் படம் கீறினவன். கை ஆடாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். கோயில் வாசலில் உங்கள் முதல்நன்மைப் படத்தைக்கூட, அசையாதீங்க, அசையாதீங்க என்று கத்தித்தான் எடுத்தேன். இந்த வயதில் என்னை ஆடச் சொன்னாய். சரி என்று ஆடினேன்.

உன் குரலை நான் கேட்டுக்கொண்டிருந்தபோது குசினியில் நின்ற அம்மாவும் கேட்டிருக்கிறாள். பானிங்கைப் பாண் என்று எடுத்து, நான் பேக்கரி வேலை பழகப்போகிறேன் என்று அவளுக்கு விளங்கியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்து, பேக்கரி எப்போ திறக்கிறீங்க என்கிறார்கள். நான் படம் எடுக்கிற கதையைச் சொல்லச் சொல்ல, கூச்சத்தில் மறைக்கிறேன் என்று அம்மா எனக்காகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

முதலில் கல்லடிப் பாலத்தடியில் நின்று பழகினேன். நம்முடைய சனத்துக்குக் கமராவைக் கண்டால் வேகமாகப் போக வராது என்பதை அங்கேதான் கண்டேன். ஹெல்மட் போடாதவர்கள் என்னைப் பொலிஸ் என்று நினைத்து மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு போனார்கள். ஹெல்மட் போட்டவர்கள் முகம் தெரியட்டும் என்று அதைக் கழற்றிச் சிரித்தார்கள். ஒரு குடும்பம் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, பிள்ளையின் தலையைச் சீவி, பவுடரும் பூசி, எனக்கு நேரே வரிசையாக நின்றது. எடுத்தேன், வேறு என்ன செய்ய. அவர்கள் அசையாமல் நின்றபடியால் அந்தப் படம் மிக நன்றாக வந்தது.

அதன்பிறகு நம்முடைய வீட்டு வாசல் ஒழுங்கையிலேயே பழகுவோம் என்று பார்த்தால், வேகம் மாறாமல் ஓடுகிற வாகனம் ஒன்றே ஒன்றுதான். காலையிலும் பின்னேரமும் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற ஸியாம் தம்பியின் பாண் ஓட்டோ. பாட்டுத் தூரத்தில் கேட்கும்போதே காலை ஊன்றித் தயாராகிவிடலாம். ஆனால் பாண்காரனை ஒருவர் உற்றுப் பார்த்தால் அவன் நிற்பான், அது அவனுடைய தொழில். நான் இடுப்பைத் திருப்பிக் கமராவோடு அவனைத் தொடர்வேன், அவன் சரியாக எனக்கு நேரே வந்து பிறேக் போட்டு, "எத்தின றாத்தல் சேர்?" என்பான். நின்றவனை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு முகம் இல்லை. பாண், பணிஸ், மீன் வைத்த மாலுபாண் என்று ஏதாவது வாங்குவேன். வீட்டில் பாண் குவியக் குவிய, மாதிரி பார்க்கத்தான் விதம் விதமாக வாங்குகிறேன் என்று அம்மாவின் சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. இடியப்பத்தைக் கண்ணால் கண்டு கனகாலம்.

கடைசியில் ஸியாமிடம் விஷயத்தைச் சொல்லி, நான் கையை இப்படி வீசினால் வேண்டாம் என்று அர்த்தம், நிற்காமல் போ என்று பேசிக்கொண்டோம். இடக்கையால் கமராவைத் தாங்கிக்கொண்டு, பொத்தானை அமத்தினதும் வலக்கையை எடுத்து, போ போ என்று வீசுவேன். அவனும் ஒரு பீப் அடித்துவிட்டுப் போவான். அப்படிப் பழகித்தான் எனக்குப் படம் விழத் தொடங்கியது. மதில் கோடாக இழுபட, பாண் ஓட்டோ பறக்கிற ஒரு படம் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

இனி ரேஸ் நாள். மலைப்பக்கத்தில் ஒரு மண் பாதை. பிறின்ஸின் கார் கூட்டத்தில் கடைசிக்கு முதலாக வந்தது. எனக்கு அது போதும், பின்னால் வருகிறவனும் சேர்ந்தால்தானே போட்டி. நான் வளைவுக்குப் பக்கத்தில் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அவனைக் கண்ணாடிக்குள் பிடித்து, கூடவே கொண்டுவந்து அமத்தினேன். படம் விழுந்து முடிய முதலே, பாண்காரனுக்குப் பழகின என் வலக்கை தானாக எழும்பி, போ போ என்று வீசிவிட்டது. கமரா ஆடிவிட்டது. நீ படித்துப் படித்துச் சொன்ன கடைசிப் பாடத்தில் அப்பா ஃபெயில். முன்பாதி வெளியே போய், காரின் பின்பாதி மட்டும்தான் படத்தில் இருக்கிறது.

படம் போனது போகட்டும். என்னைக் கடந்ததும் அவன் காலை இன்னும் அமத்தினான் மகள். எல்லோரும் வேகத்தைக் குறைக்கிற இடத்தில் இவன் கூட்டுகிறான், முன்னால் போனவனை வெட்டிக்கொண்டு போகிறான். என் உயிர் என்னிடம் இல்லை. இவ்வளவு நாளும் ரேஸ் என்று காதால் கேட்டதுதான், இப்போது கமராவுக்குள்ளால் கண்டேன். வரும் வழியில் வாகனத்தில் நான் கண்ணை மூடி நித்திரை போலக் கிடந்தேன். படத்தைக் காட்டவும் எனக்கு முகம் இல்லை, கமராவை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்துவிட்டேன் என்று நெஞ்சுக்குள் கிடக்கிறது.

ஆகவே நீ அவனோடு பேசி இந்த ரேஸை நிறுத்து. நான் சொன்னேன் என்று சொல்லாதே. மருமகனுக்கு எங்கள் அன்பு. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அம்மா முத்தம் சொன்னாள்.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
பீற்றர்.

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்து, றொசானி வரும்வரை ஒட்டாமல் வைத்திருந்தேன். நேற்றுப் பின்னேரம் பிறின்ஸ் வந்து, படம் எங்கே என்று என்னிடமே கேட்டான். வேறு வழியில்லாமல் காட்டினேன். கனநேரம் பார்த்தான். மரமெல்லாம் கோடாகிக் கிடக்க, அவனுடைய காரின் பின்பாதி படத்தை விட்டு வெளியே பாய்கிறது. இனி ஒருத்தரும் விலை கேட்கமாட்டார்கள் என்றான். பிறகு, "வளைவில பயந்து காலை எடுக்கத்தான் பாத்தன் அப்பா. நீங்க போ போ எண்டு கையக் காட்டினீங்க. அதுக்குப் பிறகு எனக்குப் பயம் வரல்ல" என்றான். அது பாண்காரனுக்குக் காட்டுகிற கை என்று நான் சொல்லவில்லை. நீயும் சாகும்வரை சொல்லாதே. ரேஸை நிறுத்தச் சொல்லி மேலே எழுதியதை எழுதாததாக நினைத்துக்கொள். முடிந்தால் தூரத்துக்குப் பிடிக்கிற லென்ஸ் ஒன்று பார்த்து வை. இரவுச் சாப்பாட்டில் அவன், "பாணத் தாங்க அப்பா" என்று நேரே என்னிடம் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், பாவம், அவளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.