தங்கையா ஸ்டோர்ஸ் பலகையும் கனடாவிலிருந்து வந்த ஆட்சேபமும்

வெள்ளவத்தை,
03.09.2025

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய தங்கையா அண்ணை அறிவது,

இங்கே நானும் பத்மாவதியும் கடையும் சுகம். என் சர்க்கரை மட்டும் குளிசைக்குக் கட்டுப்பட்டும் படாமலும் இருக்கிறது. அங்கே உங்களுக்குக் கால்வலி குறைந்து, மகள் ஆரணி குடும்பத்தோடு நீங்கள் சுகமாக இருக்க வேண்டுமென்று நாள் தவறாமல் பிள்ளையாரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அது போன செவ்வாய்க்கிழமை வரை. செவ்வாய் பின்னேரம் சப்ரி லோயர் போன் எடுத்து விஷயத்தைச் சொன்ன பிறகு உங்கள் காலைப் பற்றிப் பிள்ளையாரிடம் நான் ஒன்றும் கதைக்கவில்லை. மறைக்காமல் எழுதுகிறேன். பழுதான வெங்காயத்தை மூட்டைக்கு அடியில் வைத்து விற்றவன் நானில்லை.

சப்ரி லோயர் கொட்டாஞ்சேனைக்காரர், என்னுடைய பெயர் மாற்ற வழக்கைப் பார்ப்பவர், சொல்லை எண்ணிக் கதைப்பவர். "கனடாவுலேர்ந்து ஆட்சேபம் வந்திருக்கு முதலாளி. கடைய முந்தி வச்சிருந்தவராம். அந்தப் பேர எடுக்க ஒங்களுக்கு உரிமையில்லையாம்" என்றார். பிரதி அடுத்த தவணைக்குத்தான் கிடைக்குமாம். எனக்குப் பிரதி எதற்கு? கடையை முந்தி வைத்திருந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவருக்கு வருசா வருசம் பொங்கலுக்குப் போன் எடுத்து வாழ்த்துச் சொன்ன மடையனும் ஒருவன்தான்.

அண்ணை, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். நீங்கள் விசா கிடைத்த அவசரத்தில் இருந்தீர்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சூட்கேஸ் நிறைய மிளகாய்த்தூள் பைக்கற்றோடு வந்து லொட்ஜில் கிடந்தவன். எழுத்து இல்லை, உறுதி இல்லை, ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. வாய்ப்பேச்சில் கடையைத் தந்தீர்கள், சாவிக்கொத்தைக் கையில் வைத்தீர்கள். நான் செய்த முதல் வேலை பக்கத்துக் கடையில் ஏணி இரவல் கேட்டது. பலகையை இறக்கி "யோகநாதன் ஸ்டோர்ஸ்" என்று எழுத நினைத்தேன். ஏணியில் இரண்டு படி ஏறினவனின் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தது ஆர்? "அதைக் கழட்டாதை தம்பி. சனம் பழகின பேர். சனம் உனக்குப் பழகாது, நீ பேருக்குப் பழகு" என்றது ஆர்?

பழகினேன். முதல் வருசம் சனம் வந்து தங்கையா எங்கே என்று கேட்டது, கனடா போய்விட்டார் என்றேன். இரண்டாம் வருசம் என்னையே தங்கையா என்று கூப்பிட்டது, இல்லை, யோகநாதன் என்றேன். மூன்றாம் வருசம் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் திருத்துகிற நேரத்தில் இரண்டு கிலோ பருப்பு நிறுத்துவிடலாம். பிறகு கல்யாண அழைப்பிதழில் தங்கையா, கோயில் உபயப் பலகையில் தங்கையா, கல்கிசையில் எனக்குத் தெரியாத ஆள் பஸ்ஸுக்குள் இருந்து கைகாட்டினாலும் தங்கையா. அந்தப் பலகையை மூன்று தரம் பெயின்ற் அடித்தவன் நான். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பால்மாவுக்குச் சனம் வரிசையில் நின்றபோது, குடும்பத்துக்கு ஒரு பைக்கற் என்று விடிய ஐந்து மணியிலிருந்து நின்று கொடுத்தவன் நான். அப்போது காலி வீதி நெடுகச் சனம் என்ன சொன்னது தெரியுமா? "தங்கையா பதுக்கமாட்டார்" என்றது. அண்ணை, பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். பதுக்காமல் இருந்தது ஆர்? நீங்களா?

சரி, இத்தனை வருசம் பேசாமல் இருந்தவனுக்கு இப்போது ஏன் வழக்கு, கோடு, கச்சேரி என்று கேட்பீர்கள். போன மாசியில் எனக்குப் பித்தப்பையில் கல். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தேன். கடை பூட்டு, என் போனைப் பத்மாவதி அணைத்துத் தன் கைப்பைக்குள் போட்டுவிட்டாள், நான் வியாபாரம் கதைப்பேனாம். ஐந்து நாளும் பார்க்க வருகிற நேரத்துக்குச் சேர்ட் மாற்றித் தலை இழுத்துக்கொண்டு இருந்தேன். ஒரு குருவி வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரனுக்கு அப்பிளும் ஹோர்லிக்ஸுமாக ஆட்கள் நிற்க இடமில்லை. அவன் எனக்கு இரக்கப்பட்டு ஒரு அப்பிள் தந்தான், அண்ணை. முப்பத்துமூன்று வருசம் வெள்ளவத்தைக்குச் சோறு போட்டவனுக்கு முன்பின் தெரியாதவன் அப்பிள் தருகிறான். அதைச் சாப்பிட முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. நாற்பது பேருக்குக் குறையாமல் வந்திருக்கிறார்கள். எல்லாரும் வாசலில் தங்கையா முதலாளி என்று கேட்க, அப்படி ஒரு நோயாளி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை, என் அடையாள அட்டையில் இருப்பது யோகநாதன். பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் பாஹிம் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கி, கடைசியில் பிரேத அறையிலும் விசாரித்துவிட்டு வந்தவன். என்னைக் கடையில் கண்டவுடன் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கயும் ஒங்கட பேர் இல்லன்டு சொன்னப்பதான் முதலாளி மனசு நிம்மதியாச்சு" என்றான். அன்று தீர்மானித்தேன். நாளைக்கு எனக்கு ஒன்று நடந்து யோகநாதன் காலமானார் என்று பேப்பரில் வந்தால், ஆரோ யோகநாதனாம், பாவம் என்று சொல்லிவிட்டு, வெள்ளவத்தைச் சனம் என்னுடைய கடைக்கே சீனி வாங்க வரும். ஆகையால் உயிரோடு இருக்கும்போதே சட்டப்படி தங்கையா ஆகிவிட வேண்டும் என்று சப்ரி லோயரிடம் போனேன்.

பெயர் மாற்றுவது என்றால் கடைப் பலகை மாற்றுவது மாதிரி என்று நினைத்தேன். இல்லை அண்ணை. பிறப்புப் பத்திரம், சத்தியக் கடதாசி, பொலிஸ் அறிக்கை, பேப்பரில் மூன்று பாஷையிலும் விளம்பரம், ஆட்சேபம் உள்ளவர்கள் வரலாம் என்று ஊருக்கே அழைப்பு. எங்கள் கிராம சேவகர் நல்ல பெடியன், என்னிடம்தான் அரிசி வாங்குகிறவர். யோகநாதன் என்பவர் இந்தப் பிரிவில் வசிக்கிறார் என்று கடிதம் கேட்டேன். பேனையை எடுத்தவர் நிமிர்ந்து, "தங்கையா முதலாளி, கவுத மே யோகநாதன்?" என்று சிங்களத்தில் என்னிடமே கேட்டார், ஆர் இந்த யோகநாதன் என்று. நான்தான் என்று விளங்கப்படுத்துவதற்குள் ஒரு பிளேன்ரீ குடித்து முடிந்துவிட்டது. சத்தியக் கடதாசிக்குச் சாட்சியாகப் பத்மாவதியைக் கூட்டிப்போனால், உங்கள் கணவரை என்ன பெயரால் அழைப்பீர்கள் என்று சமாதான நீதவான் கேட்க, அவள் "இஞ்சாருங்கோ" என்றாள். அதை அந்த மனுசன் எழுதப் பார்த்தார்.

இனித்தான் பெரிய கூத்து. போன மாதம் வழக்குக் கூப்பிட்ட நாள். வெள்ளைச் சேர்ட், சப்பாத்து, எட்டரைக்கே போய் இரண்டாவது வரிசை வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். சப்ரி லோயர் அடுத்த மண்டபத்தில் வேறு வழக்கில். பெயர் கூப்பிடுகிறவர் எழும்பி, "யோகநாதன்" என்றார். ஒருவரும் எழும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்போதும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஐயாவிடம், வழக்கும் போட்டுவிட்டு வீட்டில் படுத்துக் கிடக்கிறான் பாருங்கோ, இப்படியான ஆட்களால்தான் மற்றவர்களுக்கும் நேரம் போகிறது என்றேன். அவரும் ஓம் ஓம் என்றார். மூன்றாம் தரமும் கூப்பிட்டு, மனுதாரர் சமுகமில்லை என்று எழுதி அடுத்த கோவையை எடுத்துவிட்டார்கள். சப்ரி லோயர் ஓடி வந்து கதவடியில் நின்று "தங்கையா முதலாளி" என்று கூப்பிட, முழங்கால்வலியும் பாராமல் துள்ளி எழும்பினேன்.

"ஒங்களத்தானே முதலாளி கூப்பிட்டாங்க?" என்றார்.

இதைவிட என்ன சாட்சி வேண்டும், நீதவான் ஐயாவிடம் இதையே சொல்லுங்கோ என்றேன். ரெக்கோட்டில் நான் வரவே இல்லையாம், அவரால் ஒன்றும் செய்ய முடியாதாம். பிறகு மன்றாடி வேறு தவணை எடுத்தார். அந்தத் தவணைக்கு முதல்தான் உங்கள் ஆட்சேபம் வந்து விழுந்திருக்கிறது.

அண்ணை, பிறக்கும்போதே தாய் தகப்பன் வைத்த பெயரோடு வந்தவர் நீங்கள். உங்களுக்குத் தங்கையா சும்மா கிடைத்தது. எனக்கு அது ஒவ்வொரு கிலோவாக நிறுத்து வந்தது. நீங்கள் அங்கே போய்த் தங்கையாவாகவே இருங்கள், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? ஒரு பெயரில் இரண்டு பேர் இருந்தால் கனடா தாழ்ந்து போகுமா? உங்கள் மனச்சாட்சியிடம் ஒருக்கால் கேட்டுவிட்டு, அந்த ஆட்சேபத்தை உடனே வாபஸ் வாங்கவும். இல்லையென்றால் பொங்கலுக்குப் போன் வராது.

ஆரணிக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல்லவும். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, வழக்கு வம்பு இல்லாத பெரியவர்களாக வரட்டும். உங்களுக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும், கோபத்தோடுதான் வாழ்த்துகிறேன், ஆனாலும் வாழ்த்து வாழ்த்துதான்.

இப்படிக்கு,
தங்கையா
(நீதிமன்றம் சொல்லும்வரை க. யோகநாதன்)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போதுதான் உங்கள் விலாசம் என்னிடம் இல்லை என்பது தெரிந்தது. ஆரணிக்கு வட்ஸ்அப்பில் கேட்டேன். எஸ். அருளம்பலம், ஸ்காபரோ என்று வந்தது. பிள்ளை, வீட்டுக்காரரின் பெயர் வேண்டாம், அப்பாவின் பெயரைப் போடு என்று எழுதினேன். "அதுதான் அங்கிள் அப்பான்ரை பேர்" என்று பதில் வந்தது. உடனே கோல் எடுத்தேன்.

"அப்ப தங்கையா ஆர் பிள்ளை?"

"அப்பாக்கும் தெரியாதாம் அங்கிள். அவர் எழுபத்தெட்டிலை கடையை எடுக்கேக்கை பலகை அங்கை இருந்ததாம். கழட்டாதை, சனம் பழகின பேர் எண்டு முந்தினவர் சொன்னவராம்."

நான் அரிசி மூட்டையின் மேல் குந்திவிட்டேன், அண்ணை. அங்கே முதியோர் நிலையத்தில் மிஸ்டர் அருள் என்று கூப்பிட்டால் நீங்கள் திரும்பிப் பார்ப்பதில்லையாம், காது கேட்கவில்லை என்று சோதனைக்கு அனுப்பினார்களாம். என் விளம்பரத்தைப் போனில் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். "வெள்ளவத்தையிலை எண்டாலும் நான் இன்னும் தங்கையாவா இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றீர்களாம்.

இதையெல்லாம் பத்மாவதிக்குச் சொன்னேன். அவள் மேலே உள்ளதை முழுக்க வாசித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை யோகநாதன் எண்டு கேளுங்கோ எண்டு ஒரு மட்டையிலை எழுதி ஷட்டரிலை கொழுவியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றாள். மாசியிலிருந்து ஒருவருக்கும் வராத யோசனை. வழக்கு இனி எனக்குத் தேவையில்லை. மேலே எழுதினதைக் கிழித்திருப்பேன், ஆறு பக்கம், கை நோகிறது. இன்று காலை பிள்ளையாரிடம் உங்கள் காலைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

ஆனால் நீங்கள் ஆட்சேபத்தை வாபஸ் வாங்க வேண்டாம், நானும் வழக்கை வாபஸ் வாங்கமாட்டேன். வாங்கினால் நீங்கள் வரத் தேவையில்லாமல் போய்விடும். தவணை ஒக்டோபர் இருபத்தொன்பது. ஆரணியிடம் சொல்லி டிக்கற் போடுங்கோ, நம்முடைய வீட்டில் தங்கலாம். முதலில் யோகநாதன் என்று கூப்பிடுவார்கள், பிறகு அருளம்பலம் என்று கூப்பிடுவார்கள். இரண்டாவது வாங்கில், காற்றாடிக்குக் கீழே, உங்களுக்கும் இடம் பிடித்து வைக்கிறேன். ஆரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்து கதைத்துக்கொண்டிருப்போம்.